டிசோக் மன்னனின் கல்

மெக்சிகோ நகரில், சபுல்தெபெக் வனத்தை ஒட்டி 1964-இல் திறக்கப்பட்ட தேசிய மானிடவியல் அருங்காட்சியகத்தின் பெரிய மண்டபத்துக்குள் புகுகின்ற ஜனங்களில் பெரும்பாலோர், அங்கே நிமிர்த்தி வைத்திருக்கும் சூரியக் கல்லைக் கண்டதும் அதிலேயே மனத்தைப் பறிகொடுத்து நின்றுவிடுகிறார்கள். அதே மண்டபத்தில், ஏறத்தாழ 2.65 மீட்டர் விட்டமும் 93 சென்டிமீட்டர் உயரமும் உடையதாய், எரிமலைப் பாறையில் வெட்டியெடுத்த ஒரு வட்டக் கல் படுக்கையாகக் கிடக்கிறது. சூரியக் கல்லை எதிரே நின்று ஒரே பார்வையில் கண்டுவிடலாம். இதையோ முழுவதும் வலம் வந்தாலொழியக் கண்டதாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் இதன் பொருள் முகப்பில் இல்லை, எட்டு மீட்டருக்கும் மேற்பட்ட அதன் சுற்றுவட்டத்தில் இருக்கிறது. நாம் பொதுவாக ஆஸ்டெக் என்று அழைக்கின்ற மக்கள் தங்களை மெஷிகர் என்று சொல்லிக்கொண்டார்கள். அவர்களுடைய ஏழாவது மன்னனான டிசோக்கின் பெயரால் இந்தக் கல் இன்று வழங்கி வருகிறது.

மன்னனுடைய சரித்திரத்தையும் கல்லினுடைய பிரதாபத்தையும் ஒருங்கே வைத்துப் பார்க்கிறவனுக்கு உடனே ஒரு சந்தேகம் எழும். டிசோக் 1481-இல் பட்டத்துக்கு வந்து 1486-இல் மறைந்தவன். அவனுக்கு முன் ஆண்ட அஷயாகாத்லும், அவனுக்குப் பின் ஆண்ட அவிட்சோத்லும் அவனுடன் பிறந்தவர்களே. தாய் வழியில் முதலாம் மொக்தெசுமாவுக்கும் தந்தை வழியில் இட்ஸ்கோவாத்லுக்கும் பேரர்கள். மெஷிகர்களிடையே மூத்த மகனுக்கே ராஜ்யம் என்ற நியதி கிடையாது. ராஜகுலத்து ஆடவர்களுள் தக்கவன் என்று பெரியோர் சபை எவனைத் தேர்ந்தெடுக்கிறதோ அவனே அரசன். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவன் பட்டாபிஷேக உற்சவத்துக்கு முன்பாக ஒரு யுத்தத்துக்குப் போய், அந்த உற்சவத்தில் பலியிடுவதற்கான கைதிகளைத் தானே பிடித்துவர வேண்டும். டிசோக் வடகிழக்கே மலைகளுக்கிடையில் சுதந்திரமாக இருந்த மெட்ஸ்தித்லான் நாட்டின்மேல் படையெடுத்தான். அந்தப் படையெடுப்பில் மெஷிகர் தரப்பில் முந்நூறு பேர் மாண்டார்கள் என்றும், பிடித்துவந்த கைதிகள் நாற்பது பேர்தான் என்றும் பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய தொமினிக்கன் துறவி தியேகோ துரான் குறித்திருக்கிறார். போரையே தொழிலாகவும் சமயக் கடமையாகவும் கொண்ட ஒரு நகரத்தில் இதைவிட மோசமான ஆரம்பம் ஒரு மன்னனுக்கு இருக்க முடியாது. ஐந்தாண்டு ஆட்சிக்குப் பிறகு அவன் இறந்தபோது, அரண்மனையிலிருந்தவர்களே நஞ்சிட்டுக் கொன்றார்கள் என்ற வதந்தி உண்டாயிற்று. துரான் அதையும் பதிவு செய்திருக்கிறார்.

இப்படிப்பட்டவனுடைய பெயரைத் தாங்கும் கல்லிலோ, தோல்வி என்ற நிழல்கூட இல்லை. சுற்றுப்புறம் முழுவதும் பதினைந்து வெற்றிக் காட்சிகள், ஒவ்வொன்றும் அரை மீட்டருக்குச் சற்றே அதிகமான அகலத்தில், இடைவெளியின்றி ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன. ஒவ்வொரு காட்சியிலும் இரண்டே பேர். ஒருவன் நிமிர்ந்து நின்று மற்றவனுடைய உச்சிமயிரைப் பற்றியிருக்கிறான். மற்றவன் சற்றே குனிந்து தன் ஆயுதங்களை நீட்டிச் சரணடைகிறான். தலைமயிரைப் பற்றுவது அந்த மக்களின் சித்திர பாஷையில் வெற்றியைக் குறிக்கும் நிலையான அடையாளம். போர்க்களத்தில் கைதி பிடித்தவன் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சியம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. தோற்றவனுடைய தலைக்குப் பின்னால் ஒரு சின்னம் செதுக்கப்பட்டிருக்கிறது. அது அவனுடைய ஊரின் பெயர். அந்த ஊர்களுள் சோச்சிமில்கோ, சால்கோ, கூல்வாகான், தெனாயுகா, சால்தோகான், ஆகோல்வாகான், தூரத்துக் கடற்கரைப் பக்கத்துக் குவெத்லாஷ்த்லான் ஆகியவை ஆராய்ச்சியாளர்களுக்கு நன்றாக அடையாளம் தெரிந்தவை. தோற்றவர்களுள் இருவர் பெண்கள் என்பது கவனிக்கத் தக்கது. கூல்வாகானையும் சோச்சிமில்கோவையும் சிற்பி பெண்ணுருவாகவே காட்டியிருக்கிறான். அவ்வூர்களின் காவல் தெய்வம் பெண் தெய்வமாதலால், பிடிபட்டவள் மனுஷியா தேவதையா என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒரே உருவத்தில் கலந்திருக்கின்றன. மற்ற கைதிகள் பலரும் அவ்வவ்வூர்த் தெய்வங்களின் அணிகளோடுதான் நிற்கிறார்கள். ஆகவே பிடிபடுவது ஓர் அரசனோ போர்வீரனோ மட்டும் அல்லன். அவனுடைய ஊரும் அவ்வூரின் தெய்வமும் சேர்ந்தே மயிர்முடியில் பிடிபடுகின்றன.

வெற்றி பெற்ற பதினைந்து பேரும் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவர்கள்போல இருக்கிறார்கள். அவர்களது உடையிலும் மார்பணியிலும் பழைய தூலா நகரத்துத் தோல்தெக் வீரர்களின் சாயல் இருப்பதை அறிஞர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். மெஷிகர் மெக்சிகோ பள்ளத்தாக்குக்குப் பிந்தி வந்தவர்கள். பெருமைக்குரிய பழைய நாகரிகம் என்றால் அவர்களுக்குத் தோல்தெக்கர்களுடையதே. இந்தப் பதினைந்து வெற்றியாளர்களுக்கும் ஒரு பாதத்தின் ஸ்தானத்தில் புகையும் கண்ணாடி காணப்படுகிறது. அது தெஸ்காத்லிபோகா என்னும் தெய்வத்தின் அடையாளம். ஒரே ஒருவன் மட்டும் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறான். அவனுடைய தலையணி பெரிது. அதில் ஊயிட்சிலோபோச்த்லி என்னும் குலதெய்வத்தின் தேன்சிட்டு உருவம் சேர்ந்திருக்கிறது. அவன் தலைக்கருகே ஒரு கால் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கால்தான் டிசோக்கின் பெயர்க்குறி. அவன் பிடித்திருப்பவன் மட்லட்சிங்கோ நாட்டான், அதாவது இன்றைய தொலூகா பள்ளத்தாக்கைச் சேர்ந்தவன். கல் முழுவதிலும் மன்னனுடைய பெயர் வருவது அந்த ஓர் இடத்தில்தான்.

இந்த ஊர்வலத்துக்கு மேலும் கீழும் இரண்டு பட்டைகள் ஓடுகின்றன. மேற்பட்டை நட்சத்திரங்கள் பதித்த வானம். கீழ்ப்பட்டை வாய் பிளந்து நிற்கும் பூமி. கல்லின் மேற்பரப்பு முழுவதும் கதிர் விரிக்கும் சூரிய மண்டலம். எனவே பதினைந்து யுத்தங்களும் ஏதோ ஒரு வருஷத்தில் ஏதோ ஒரு மைதானத்தில் நடந்தவையாக இல்லாமல், சூரியனுக்குக் கீழே, வானத்துக்கும் பூமிக்கும் இடையே, என்றென்றும் நடந்துகொண்டிருப்பவையாகத் தோன்றுகின்றன. மெஷிகர் சிற்பங்களில் அரசும் அண்டமும் ஒன்றாக இணைவதை ஆராய்ந்த ரிச்சர்ட் டவுன்செண்ட் என்னும் அறிஞர் 1979-இல் இந்தக் கல்லை அந்த இணைப்புக்கு ஒரு முக்கியமான உதாரணமாக எடுத்துக்கொண்டார். அந்த அபிப்பிராயத்தில் எனக்குக் கருத்து வேற்றுமை இல்லை; ஆனால் அண்டத்தைப் பற்றிப் பேசுகிற உற்சாகத்தில், அந்தப் பதினைந்து பெயர்களைப் பற்றிய சாதாரணமான கேள்வியொன்றை அறிஞருலகம் நெடுங்காலம் கேளாமல் விட்டுவிட்டது என்றே தோன்றுகிறது.

அக்கேள்விக்கு வருமுன் கல் அகப்பட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். ஸ்பானியர் 1521-இல் மெஷிகர்களின் தலைநகரான தெனோச்தித்லானைக் கைப்பற்றி, அதன் கோயில்களை இடித்து அதன்மேலேயே தங்கள் நகரத்தைக் கட்டியபோது, இத்தகைய கற்கள் பெரிய சதுக்கத்தின் மண்ணுக்கடியில் புதைந்தன. இரண்டரை நூற்றாண்டுக்குப் பின், ரெவில்லாகிகேதோ பிரபு வைஸ்ராயாக இருந்த காலத்தில், அந்தச் சதுக்கத்தைச் சமப்படுத்தித் தளமிடவும் சாக்கடை அமைக்கவும் தோண்டியபோது அவை ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. 1790 ஆகஸ்ட் 13-இல் கோவாத்லிக்குவே தேவியின் பிரம்மாண்டமான விக்கிரகம். அதே வருஷம் டிசம்பர் 17-இல் சூரியக் கல். சரியாக ஓராண்டு கழித்து 1791 டிசம்பர் 17-இல் டிசோக்கின் கல். மற்ற இரண்டுக்கும் கிடைத்த மரியாதை இதற்கு எளிதில் கிடைக்கவில்லை. தெருவுக்குப் பாவுகல்லாக இதை உடைத்துப் போட வேலைக்காரர்கள் ஆயத்தமாக இருந்த சமயத்தில், தற்செயலாக அவ்வழியே வந்த காம்போவா என்ற பாதிரியார் குறுக்கிட்டுத் தடுத்து, தேவாலயத்தின் முற்றத்தில் அதைப் புதைத்து வைக்கும்படி செய்தார் என்று சொல்லப்படுகிறது. நாம் சரித்திரச் சான்று என்று போற்றுபவற்றில் எத்தனை, இப்படி ஒரு வழிப்போக்கரின் தயவால் மிஞ்சியவை என்பதை எண்ணிப் பார்த்தால் சிறிது அச்சமாகத்தான் இருக்கிறது. முற்றத்தில் மேற்பரப்பு மட்டும் தெரியக் கிடந்த அதை 1824-இல் தோண்டியெடுத்துப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்குச் சற்று முன், 1823-இல், காட்சிகள் நடத்திப் பணம் ஈட்டும் வில்லியம் புல்லக் என்ற ஆங்கிலேயர் மெக்சிகோவுக்கு வந்து இவ்வகைக் கற்களின் அச்சுகளை எடுத்துச் சென்று, மறுவருஷம் லண்டனில் பொதுமக்களுக்குக் காட்டினார்.

பார்த்தவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள்? முதல் இரண்டு கற்களைப் பற்றி 1792-இல் நூல் வெளியிட்ட அந்தோனியோ தே லியோன் இ காமா, வானநூல் வல்லவர். இந்தக் கல்லில் இணை இணையாக நிற்கும் உருவங்களைச் சூரியனுக்குரிய விழாவில் ஆடுபவர்கள் என்று அவர் எண்ணினார். மயிரைப் பிடித்திருக்கும் கையை அவர் எப்படி நாட்டியத்தோடு பொருத்திக் கொண்டாரோ தெரியவில்லை; அவர் பெருமிதம் கொண்ட ஒரு மக்கட்கூட்டத்தின் இரத்தக் கறையை அவருடைய மனம் ஏற்க மறுத்தது என்பதே என் அனுமானம். ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் 1803-இல் மெக்சிகோவுக்கு வந்து, பிறகு தம் நூலில் இதன் படத்தைப் பதித்து, ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தார். ஆயினும் ஊர்ச் சின்னங்களையும் மன்னனுடைய பெயர்க்குறியையும் முறையாகப் படித்து விரிவான கட்டுரை எழுதியவர் மெக்சிகோ நாட்டுச் சரித்திராசிரியர் மனுவேல் ஒரோஸ்கோ இ பெர்ரா. அது 1877-இல் வெளிவந்தது. அன்றுமுதல் இது டிசோக்கின் வெற்றிச் சாஸனம் என்று நிலைபெற்றது.

ஆனால் அந்த ஊர்களை யார் எப்பொழுது வென்றார்கள்? கூல்வாகான், தெனாயுகா, சோச்சிமில்கோ முதலியவை டிசோக் பிறக்கும் முன்பே மெஷிகர்களுக்கு அடங்கியவை. சால்கோ, பல ஆண்டுகள் எதிர்த்து நின்று, கடைசியில் 1465 வாக்கில் அவனுடைய பாட்டனான முதலாம் மொக்தெசுமாவுக்குப் பணிந்தது. டிசோக்கின் பெயரோடு தனித்து நிற்கும் மட்லட்சிங்கோவைக்கூட முதலில் அடக்கியவன் அவன் சகோதரன் அஷயாகாத்ல். டிசோக் செய்தது அப்பகுதியில் மறுபடியும் போரிட்டதுதான். ஸ்பானிய ஆட்சியின் ஆரம்ப காலத்தில் எழுதப்பட்ட மெந்தோசா சுவடி டிசோக்கின் வெற்றிகளாகப் பதினான்கு ஊர்களைத் தனியே குறிக்கிறது. அப்பட்டியலிலுள்ள பெயர்களில் பெரும்பாலானவற்றைக் கல்லில் காணோம். கல்லிலுள்ள பெரிய பெயர்களை அப்பட்டியலில் காணோம். இந்த முரண்பாட்டைப் பார்த்துச் சிலர், பலவீனனான அரசன் முன்னோர் புகழைத் திருடித் தன் பெயரில் செதுக்கிக்கொண்டான் என்று தீர்ப்பளித்தார்கள். படிப்பதற்குச் சுவாரஸ்யமான தீர்ப்புத்தான்.

1988-இல் அந்தத் தீர்ப்பு ஆட்டங்கண்டது. சதுக்கத்துக்கு அருகே, பழைய ஆர்ச்பிஷப் அரண்மனையாக இருந்த கட்டடத்தின் முற்றத்துக்கு அடியில், இதைப் போலவே இன்னொரு வட்டக் கல் அகப்பட்டது. விட்டம் சுமார் 2.24 மீட்டர், உயரம் சுமார் 76 சென்டிமீட்டர். சுற்றிலும் பதினொரு வெற்றிக் காட்சிகள். அதே நிலையில் வென்றவனும் தோற்றவனும், அதே மயிர்ப்பிடி, மேலே அதே சூரியன். 1440 முதல் 1469 வரை ஆண்ட முதலாம் மொக்தெசுமாவின் காலத்தைச் சேர்ந்தது என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய முடிபு. போர்க்காட்சிகள் சூழ ஒரு வட்டக் கல்லை அம்மன்னன் செய்வித்ததாகத் துரானும் எழுதியிருக்கிறார். இரண்டு கற்களிலும் உள்ள ஊர்களை ஒப்பிட்டால், பழைய கல்லின் ஊர்களுள் பெரும்பாலானவை புதிய கல்லிலும் திரும்ப வருகின்றன. டிசோக்கின் சிற்பி புதிதாக ஒரு கதை சொல்லவில்லை; ஏற்கெனவே வழக்கிலிருந்த ஒரு வரிசையை வாங்கி, சிலவற்றைச் சேர்த்து நீட்டியிருக்கிறான்.

இதிலிருந்து நான் கொள்ளும் முடிபு ஒன்றுதான். இந்தக் கல் ஒரு மனிதனுடைய வரலாறு அன்று. ஒரு பீடத்தினுடைய வரலாறு. ஒரு தலைமுறையில் தொடங்கிய ஜாபிதாவை அடுத்த தலைமுறை தொடர்ந்து எழுதுவதுபோல, ஒவ்வொரு அரசனும் முன்னோர் அடக்கிய ஊர்களை மறுபடியும் செதுக்கி, தன் பங்கை ஓரிடத்தில் சேர்த்து, தன் பெயர்க்குறியைப் பொறிக்கிறான். திருட்டு என்றால் களவு போனதை மறைக்க வேண்டும். இங்கே மறைவு ஒன்றுமில்லை. சால்கோவைப் பிடித்தவன் யார் என்பது தெனோச்தித்லானில் ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்தக் காட்சியில் வெற்றியாளனுக்குப் பெயர்க்குறி இல்லாததற்குக் காரணமும் அதுவே: வென்றது மெஷிகர் நகரம், அதன் சிம்மாசனம். பதினைந்து வெற்றியாளர்களில் பதினான்கு பேர் பெயரற்றவர்களாக ஒரே முகத்தோடு நிற்பது சிற்பியின் கற்பனை வறட்சி என்று எண்ணுகிறவர்கள், எதிரே நிற்கும் கைதிகள் ஒவ்வொருவரையும் அவன் எவ்வளவு பேதப்படுத்தியிருக்கிறான் என்பதை நோக்க வேண்டும். பேதம் தோற்றவர்களுக்கு, ஒருமை வென்றவர்களுக்கு. இது வேண்டுமென்றே செய்யப்பட்ட காரியம்.

கல்லை எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்பது வேறொரு பழைய வழக்கு. மேற்பரப்பின் நடுவே ஒரு குழி இருக்கிறது. அதிலிருந்து விளிம்பு வரை ஒரு கால்வாய் வெட்டப்பட்டு, ஓரிடத்தில் பக்கவாட்டுச் சிற்பத்தையும் சிதைத்திருக்கிறது. பலியானவர்களுடைய இருதயத்தை வைக்கும் பாத்திரமாகிய குவாவ்ஷிகால்லி என்பது ஒரு கட்சி. ஒரோஸ்கோ இ பெர்ரா தம் கட்டுரைக்கு இட்ட தலைப்பே அதுதான். ஷிப்பே தோதெக் தெய்வத்தின் விழாவில், கைதியொருவனைக் கயிற்றால் பிணைத்து, கூர்க்கல்லுக்குப் பதிலாக இறகு பதித்த தடியைக் கையில் கொடுத்து, முழு ஆயுதம் தரித்த புலிவேடக் கழுகுவேட வீரர்களோடு போர் செய்யவிட்ட தேமலாகாத்ல் என்னும் மேடைக்கல் என்பது மறு கட்சி. பதினொரு காட்சிகளோடு வெளிவந்த பழைய கல்லும் இதே உருவத்தில் இருப்பதால், இரண்டுக்கும் ஒரே பயன் இருந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிச்சயம். சிற்பத்தை ஊடறுத்துச் செல்லும் கால்வாய், இத்தனை நுட்பமாகச் செதுக்கிய கையால் வெட்டப்பட்டதாக இராது என்று கருதுபவர்கள் பலர். பார்வைக்கு அது பிற்காலத்தில் கல்லை வேறெதற்கோ பயன்படுத்த முயன்றவர்களின் வேலையாகவே தோன்றுகிறது.

நுட்பம் என்றேன். இரும்பு அறியாத நாடு அது. கடினமான கற்களாலேயே தட்டியும் கொத்தியும் உருவம் வரைந்து, மணலும் நீருமிட்டுத் தேய்த்து மழமழப்பாக்கினார்கள். இழுக்க மாடும் குதிரையும் இல்லை, பாரவண்டியும் இல்லை, பெரும்பாறை ஒன்று ஏரிக்கரை மலையிலிருந்து தீவு நகரத்துக்கு வர வேண்டுமானால் நீரின்மேல் போட்ட நெடும்பாதைகளில் நூற்றுக்கணக்கான மனிதர்கள் கயிறு கட்டி இழுத்தாக வேண்டும். அந்தச் சிரமத்தின் நினைவு துரான் எழுதிவைத்த ஒரு கதையில் தங்கியிருக்கிறது. கடைசி மொக்தெசுமா சால்கோ பக்கத்திலிருந்து ஒரு பெரிய வட்டக் கல்லைக் கொண்டுவரச் சொன்னபோது, அந்தக் கல் வர மறுத்து, காலம் கடந்துவிட்டது என்று வாய்திறந்து பேசி, கடைசியில் பாலம் முறிந்து தண்ணீரில் விழுந்து, பிறகு தேடியபோது புறப்பட்ட இடத்திலேயே கண்டெடுக்கப்பட்டதாம். அதே மொக்தெசுமா தன்னுடைய உருவத்தையே சபுல்தெபெக் பாறையில் செதுக்கச் செய்து, முடிந்ததைப் போய்ப் பார்த்துக் கண்ணீர் விட்டான் என்றும், வேலை செய்த சிற்பிகளுக்குத் துணிமணியும் கக்காவோவும் பிறவும் கூலியாக வழங்கினான் என்றும் அவர் எழுதுகிறார். அரசன் தன் முகத்தை விட்டுச்செல்ல விரும்பிய அந்த இடத்தில் இன்று சிதைந்த கோடுகளே உள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டில் அதிகாரிகளின் உத்தரவால் அது உடைக்கப்பட்டது.

டிசோக்கின் பெயரைத் தாங்கும் இன்னொரு கல்லும் அந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தெனோச்தித்லானின் பெரிய கோயிலை விரிவாக்கும் திருப்பணியைத் தொடங்கியவன் அவனே. ஆனால் அதை முடித்துத் திறப்புவிழாச் செய்தவன் தம்பி அவிட்சோத்ல். அந்த விழாவுக்காகச் செதுக்கிய பச்சை நிறக் கற்பலகை, ஒரு மீட்டருக்குச் சற்றே குறைந்த உயரம் உள்ளது. அதன் கீழ்ப்பாதியில் எட்டு நாணல் என்னும் வருஷக்குறி, நம் கணக்கில் 1487, மிகப் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. மேற்பாதியில் இரு மன்னர்கள் எதிரெதிரே நின்று, எலும்பு ஊசியால் தங்கள் காதைக் குத்தி, வழியும் இரத்தத்தைப் பூமியின் வாய்க்குள் விடுகிறார்கள். இடப்புறத்தவனுக்குக் கால் குறி, வலப்புறத்தவனான அவிட்சோத்லுக்கு நீர்ப்பிராணியின் குறி. இந்த விழாவில் எண்பதாயிரம் பேருக்குமேல் பலியிடப்பட்டார்கள் என்று துரான் தரும் கணக்கை இன்று ஏற்பவர்கள் மிகக் குறைவு. அது எப்படியாயினும், விழா நடந்தபோது டிசோக் உயிரோடில்லை. ஆயினும் அவிட்சோத்லின் சிற்பி இறந்த மன்னனுக்கும் இருக்கும் மன்னனுக்கும் ஒரே உயரம், ஒரே உடை, ஒரே கடமை கொடுத்திருக்கிறான். இருவரில் எவன் உயிரோடிருந்தான் என்பதைத் துரானையும் மற்றச் சரித்திரங்களையும் படித்தே நாம் அறிய வேண்டியிருக்கிறது.